தொடும் ஞாயிறு

கோகிலம் வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னபோது பௌசியா எங்கள் இட்லி குக்கரைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரை மணி. பௌசியாவின் வலது கையில் என் கைரேகை பதித்த உறை. குக்கரின் அடியில் ஒட்டியிருந்த பொட்டின் மேல் விரலை வைத்தாள். பொட்டு ஒரு முறை பச்சையாக மின்னியது. அடுத்து முட்டை அவிக்கும் கருவி. அடுத்து, அந்த இட்லி குக்கருக்கு முன் நாங்கள் வைத்திருந்த இட்லி குக்கர்.

"மாசக் கடைசியில கெளம்பறனுங்க," என்றாள் கோகிலம். "பழைய மால்ல குடியிருக்க எடம் குடுத்துட்டாங்க. ரெண்டு பேருக்குன்னுதான் எழுதிக் குடுத்தேன். நீங்க வரலைன்னா ஒருத்தியாப் போறேன்."

அவளுக்கு அறுபத்து நான்கு வயது. எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தொன்பது வருடம். காய் வாங்கிவரப் போகிறவள் குரலில் சொன்னாள்.

பௌசியாவின் விரல் நின்றது.

"நான் வேணா நாளைக்கு வரட்டுமாக்கா?"

"நீ முடிச்சுட்டுப் போ கண்ணு. ஒனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்குமே."

இன்று தொடுகைச் சட்டம் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தி. அன்று அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

நகரத்தின் குப்பைமேடு சரிந்து இரண்டு தெருக்கள் புதைந்த வருடம் அந்தச் சட்டம் வந்தது. சுரங்கங்களை மூடினார்கள். இனி புதிய பொருளை, இருக்கும் பொருளை உருக்கித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். வீடு வீடாக வந்து எல்லாவற்றிலும் நகத்தளவுப் பொட்டு ஒட்டினார்கள். ஒரு பொருளை அந்த வீட்டுக் கை ஒரு வருடம் தொடாவிட்டால் பொட்டு சிவக்கும். சிவந்ததை வண்டி எடுத்துப் போகும். எத்தனை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். மறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

எங்கள் ஊர் ஒரே வாரத்தில் அதற்கு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பொருள்களைத் தொட ஆரம்பித்தோம். கோயம்புத்தூரில் அந்த நாளில் கல்யாணம் வைத்தால் கூட்டம் வராது. தொடும் ஞாயிறு என்றே பெயர் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பொருள்கள். நான் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவன். முப்பத்திரண்டு வருடம், மாதத்தில் இருபது நாள் டூர். திரும்பும்போதெல்லாம் கோகிலத்துக்கு ஒன்று வாங்கி வந்தேன். நான் இல்லாத நாட்களுக்கு அவை ஈடு என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். வாங்கி அலமாரியில் வைப்பாள்.

வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று பிரித்துக்கொண்டோம். அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அவள் ஒன்றை எடுத்துக் கேட்பாள். நான் சொல்வேன்.

"இது எங்கீங்க வாங்குனது?"

"தாவணகெரே. மழைக்கு ஒரு கடையில ஒதுங்குனேன். சும்மா நிக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"மழைக்கு ஒதுங்குனதுக்கு பாப்கார்ன் மிஷினா?"

"சின்ன மழை. பெரிய மழையா இருந்திருந்தா ஃப்ரிட்ஜ் வாங்கியிருப்பேன்."

அவள் சிரித்து முடிக்கும்வரை அடுத்த பொருளுக்குப் போக முடியாது. அந்த மழை, அந்த ஊர் பஸ் நிலையம், பக்கத்தில் நின்றிருந்த ஆட்டுக்காரர் எல்லாம் வரும். பிறகு அதே மாதம் இங்கே அவள் தனியாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது வரும். நாற்பத்தைந்து பொருளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நான்கு வருடம் அப்படிப் போனது.

பிறகு என் முழங்கால் மடங்க மறுத்தது. ஊரில் அப்போது தொடுவதற்கு ஆட்கள் வந்திருந்தார்கள். உக்கடத்திலிருந்து பௌசியாவை வரச் சொன்னேன். நாற்பத்தைந்து பொருளை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவாள். நான் சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்ப்பேன். நேரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டேன். அப்படி ஐந்து வருடம்.

அன்று பௌசியா போனதும் கேட்டேன்.

"அங்க எத்தன பொருள் வெச்சுக்கலாம்?"

"ஆளுக்கு முப்பது."

"முப்பதா? முப்பதுல எப்படி, கோகிலம், குடும்பம் நடத்தறது?"

"சமையலறை பொதுவுங்க. துணிமணி, மருந்து கணக்குல வராது."

"நம்ம பொருளெல்லாம்?"

"யாருக்காச்சும் ஆகட்டும்."

"ஒவ்வொண்ணும் ஒனக்காக வாங்குனது."

"தெரியும்."

"பிடிச்சுத்தான வெச்சிருந்த?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். பதினான்காவது மாடி. காற்று அதிகம்.

"குப்பைமேடு சரிஞ்சப்ப எங்க ஸ்கூல் டீச்சருங்க மண்ணள்ளப் போனோம். ஞாபகம் இருக்குதா?"

"இருக்கு."

"ஒரு வீட்டு வாசல் தெரியற வரைக்கும் அள்ளுனோம். மண்ணவிட டப்பாதான் அதிகம். உங்க கம்பெனி டப்பா. பிரிக்கவே இல்லீங்க. ஒட்டுன டேப் ஒட்டுனபடி இருந்துச்சு." ஜன்னல் கொக்கியை மாட்டினாள். "வீட்டுக்கு வந்து உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். நீங்க அன்னைக்கும் ஒண்ணு வாங்கீட்டு வந்திருந்தீங்க."

"என்ன வாங்கியிருந்தேன்?"

"நானும் பிரிச்சுப் பாக்கலீங்க."

நான் போகமாட்டேன் என்பதில் அப்போது உறுதியாக இருந்தேன். அவளும் போகமாட்டாள் என்று நம்பினேன். விற்பனைக்காரனுக்கு ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளர் மறுத்தால் அவருக்குத் தகவல் போதவில்லை என்று பொருள். கோகிலம் இந்த வீட்டுப் பொருள்களை எவ்வளவு புழங்கியிருக்கிறாள் என்பதை அவளுக்கே எழுத்தில் காட்டிவிட்டால் மனம் மாறிவிடும் என்று கணித்தேன்.

மறுநாள், பொட்டுகளின் பதிவு இருக்கும் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். சிந்துஜா என்ற அதிகாரி. முப்பது வயது இருக்கும். கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"கைப்பதிவா சார்? யாரும் வந்து கேக்கமாட்டாங்களே."

"எம் மனைவி கை தொட்டது மட்டும் வேணும்."

பொடி எழுத்தில் இரண்டு தாள் வந்தது.

"ஒம்பது வருசத்துக்கு ரெண்டு தாளா?"

"இல்லீங்க சார். மொத நாலு வருசத்த எடுத்தா ஒரு கட்டு வரும். இது கடைசி அஞ்சு வருசம்."

"என்னுது?"

விசையைத் தட்டினாள்.

"உங்களுது, உறையத் தள்ளீட்டா, ஒரு தாளு."

எனக்குக் காது சூடானது. உறை சட்டப்படி குற்றம்.

"உறை இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"உறையில நாடி துடிக்காதுங்களே சார். மொத நாள்ல இருந்தே பொட்டுக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் புடிக்கல?"

"இந்த ஊர்ல நாலாயிரம் பேரு தொட்டுப் பொழைக்கறாங்க. அவங்களுக்கு வேற வேல ஏற்பாடாகற வரைக்கும் கண்டுக்காதீங்கன்னு மேல சொல்லீட்டாங்க." மிட்டாய்த் துணுக்கை மேசையிலிருந்து துடைத்தாள். "கடல மிட்டாய் எடுத்துக்குங்க சார். மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படித்தேன். கோகிலத்தின் கை ஐந்து வருடத்தில் தொட்டது நாற்பத்தேழு பொருள்கள். தோசைக்கல். இரண்டு டம்ளர். மூக்குக் கண்ணாடிக் கூடு. நகவெட்டி. ரேடியோ. படுக்கை. குடை. நான் வாங்கிவந்தவை மிகக் குறைவு. ஏற்கெனவே தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அப்படியும் கடைசி வரை படித்தேன்.

இரண்டாம் தாளின் அடியில் இரண்டு ஸ்டூல்கள். நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். தொடும் ஞாயிறுகளில் நானும் அவளும் எதிரெதிரே போட்டு உட்கார்ந்தவை. மற்ற நாட்களில் சலவை மெஷினுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ஞாயிறு, நான்கு மணி. ஞாயிறு, நான்கு நாற்பது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ஐந்து வருடத்தில் ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை. எடுத்துப் போட்ட நேரம், திருப்பி வைத்த நேரம்.

கடைசி வரி நேற்றையது. நேற்று நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

என் தாளையும் பார்த்தேன். பத்தொன்பது பொருள். ரிமோட் முதலில் இருந்தது. ஸ்டூல்கள் இல்லை.

பௌசியாவுக்குத் திங்கட்கிழமைகளில் எங்கள் குடியிருப்பிலேயே ஆறாவது மாடியில் வேலை. லிஃப்ட் வாசலில் நின்று பிடித்தேன்.

"பௌசியா, ஞாயித்துக்கிழம நீ வர்றப்ப அந்த ஸ்டூல் ரெண்டும்..."

"ஆமா சார். அக்கா எடுத்துப் போடுவாங்க. மொத வாரம் எனக்குத்தான் போட்டாங்கன்னு உட்காரப் போனேன். அக்கா ஒண்ணும் சொல்லல. ஆனா மூஞ்சி மாறிப்போச்சு. அதுக்கப்பறம் நான் நின்னுட்டேதான் தொடுவேன்."

"அஞ்சு வருசமா நின்னுட்டா?"

"எனக்கு மூட்டு நல்லா இருக்குது சார்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலியா என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க போய் உட்காருவீங்க. எனக்கு ஒரு வீடு போயிரும்." லிஃப்ட் வந்தது. கதவைக் கையால் மறித்தபடி சொன்னாள். "அது தப்புத்தான் சார். இப்ப அக்காவே போறாங்க."

மாடிக்கு வந்தேன். கோகிலம் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தாள்கள் என் சட்டைப் பையில் இருந்தன. காட்டவில்லை. இன்றுவரை காட்டவில்லை.

சலவை மெஷினுக்குப் பின்னாலிருந்து ஸ்டூல்களை எடுத்துவந்து போட்டேன். ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது.

"இன்னைக்குத் திங்கக்கெழமைங்க," என்றாள்.

"மாசக் கடைசிக்கு இருவத்தாறு நாள்தான் இருக்கு. தெனமும் உட்கார்ந்தாத்தான் முடியும்."

"என்ன முடியும்?"

"தொட்டுக் குடுத்துரலாம். நானும் வர்றேன்."

அவள் அவரைக்காய்த் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எதுல இருந்து?" என்றாள்.

சிவக்காத பொருளைக் கொடுக்க ஒரே முறைதான் இருந்தது. பொருளைக் கையில் எடுத்து, சுவரிலிருக்கும் வாசிப்பானுக்கு நேராகப் பிடித்து, போதும் என்று சொல்ல வேண்டும். குரலைப் பதிந்துகொண்டு பொட்டு அணையும். முதல் பொருள் ஒரு பழச்சாறு மெஷின். எடுத்துப் பிடித்தேன். 'போ' என்றதோடு நின்றுவிட்டேன்.

"மீண்டும் சொல்லவும்," என்றது வாசிப்பான்.

"ஒரே ஒரு வார்த்ததானுங்க," என்றாள் கோகிலம்.

"முப்பத்திரண்டு வருசமா பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். கஸ்டமர் வாயில இந்த வார்த்த வந்தாக் கடையச் சாத்தோணும்னு."

"சரி. சாத்துங்க."

சொன்னேன். பொட்டு அணைந்தது.

ஒரு நாளைக்குத் தொண்ணூறு பொருள். ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, ஏன். சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. ஷோலாப்பூரில் வாங்கிய மூன்று குளிர்பெட்டிகளுக்குக் காரணம் யோசித்து ஒரு மாலை முழுவதும் போனது. மெத்தைக்கு அடியில் வைக்கும் அதிர்வுப் பலகையைத் தொட்டபோது அவள் அழுதாள். அவளுக்குக் குறைப்பிரசவம் ஆன வாரம் நான் வாங்கிவந்தது. நான் அன்றிரவே கிளம்பிவிட்டேனாம். அதைப் பேசி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வேறு எதையும் தொடவில்லை. விட்டதை அடுத்த நாட்களில் இரவு வரை உட்கார்ந்து ஈடுகட்டினோம்.

பிரிக்காத டப்பாக்கள் நூற்றுக்கு மேல் இருந்தன.

"உள்ள என்னன்னு பாக்கலாமா?" என்றேன்.

"வேண்டாங்க. இப்படியே குடுத்தா யாருக்காச்சும் புதுசு."

கடைசி நாள் பௌசியா வந்தாள். கையில் உறை இல்லை. பாதிப் பொருளை வண்டி எடுத்துப் போயிருந்தது; வீடு எதிரொலித்தது. அடுக்கி வைத்த கம்பளியைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு தடவ வெறுங்கையில தொட்டுக்கட்டுமா?"

தொட்டாள். உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினாள்.

"குத்துது! அஞ்சு வருசமா நான் இத மெத்துன்னு இருக்கும்னு நெனச்சுட்டிருந்தேன்."

"நீயே எடுத்துக்கோ பௌசியா," என்றேன்.

"வேண்டாம் சார். வெக்க எடமில்ல. எடம் இருந்தாலும் வருசாவருசம் நான்தான தொடோணும்."

மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த வருடம் அவளுக்கு உருக்காலையில் பொருள் பிரிக்கும் வேலை கிடைத்தது. இடையில் எட்டு மாதம் அவள் வீடு கஷ்டப்பட்டது. கோகிலம் பொதுச் சமையலறையில் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டாள். நான் அதற்கு எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவிநாசி சாலையில் மூடிக்கிடந்த மால் அது. கடைக்கு ஒரு குடும்பம். எங்களுக்கு இரண்டாவது மாடியில் பழைய செருப்புக் கடை. சுவரில் சரிவான தட்டுகள் அப்படியே இருந்தன. எங்கள் இருவர் பொருளும் சேர்த்து ஐம்பத்திரண்டு. அறுபதுக்கு எட்டு குறைவு. அந்த எட்டை என்ன செய்வது என்று முதல் வாரம் தூக்கம் வராமல் யோசித்தேன். பிறகு மறந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், காபி மெஷினை மட்டும் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். பொதுச் சமையலறைக் காபி ரொம்ப மோசம்.

நகரும் படிகள் நின்றுபோய் வெறும் படிகளாகியிருந்தன. அவற்றின் இரு பக்கமும் கீரை வளர்த்தார்கள். வெயில் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும். மாலையில் எல்லோரும் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வாங்க ஒன்றுமில்லாத மாலில் அவ்வளவு கூட்டம்.

பொட்டு, வாசிப்பான் எதுவும் அங்கே கிடையாது. ஆனாலும் ஞாயிறு நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். வாரம் ஏழு பொருளாக எடுத்தோம். எட்டாவது ஞாயிறு தீர்ந்துவிட்டது. இருவரும் சும்மா கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இல்லாததச் சொல்லுங்க," என்றாள் கோகிலம்.

அன்று தொடங்கியது. கொடுத்துவிட்ட பொருள்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்தோம். பதினோரு வருடமாகிறது. வெளியே சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஜனங்களிடம் தொட்டுக் காப்பாற்றும் அளவுக்குப் பொருள் இல்லை. நாங்கள் சிலவற்றை இரண்டு முறை சொல்லியிருக்கிறோம். ஒரே மிக்ஸிக்கு ஆளுக்கொரு ஊர் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம். தீர்த்துவைக்க மிக்ஸி இல்லை.

போன ஞாயிறு அவள் முறை.

"மீன் தொட்டி," என்றாள்.

யோசித்தேன். எந்த அலமாரியிலும் வரவில்லை.

"நம்ம வீட்டுல மீன் தொட்டி இருந்ததில்லயே கோகிலம்."

"இல்லீங்க."

"அப்பறம்?"

"கல்யாணமாகி மொத மாசம் இந்த மாலுக்குத்தான் வந்தோம். கீழ, இப்ப தையல் பழகறாங்களே, அந்த எடத்துல மீன் கடை. ஒரு தொட்டி முன்னால நின்னோம். இது வாங்கலாமான்னு கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"சொல்றதுக்குள்ள உங்களுக்குப் போன் வந்துருச்சு. ஓசூர்ல என்னமோ மீட்டிங். அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிட்டீங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னுட்டு பஸ் ஏறிப் போனேன்."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. கீழே தையல் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை.

"அதுல எத்தன மீன் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கோகிலம் கண்ணை மூடினாள். ஒரு விரல் காற்றில் மெதுவாக அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.